மூடி மாறிய டப்பா

பெரியம்மா கொண்டுவந்த பெட்டி காலியாக இருந்தது. வழியில் கிடக்கிறதே, சுவரோரமாக நகர்த்தி வைப்போம் என்று தையல்காரி அதன் கைப்பிடியைப் பிடித்தபோது, ஒற்றை விரலோடு அது எழுந்து வந்துவிட்டது. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வருகிறவர் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார். போகும்போது நிரப்பிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார். எதை நிரப்ப என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒன்பது வயதுப் பிள்ளையின் உடுப்புகள் மடித்து இருந்தன. அதில் பாதிக்கு மேல் அவள் கையால் தைத்தவை.

பிள்ளைக்கு வீட்டில் பட்டாணி என்று பேர். பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்தாளாம். பெற்றவள் இறந்து மூன்று வருடம். தையல்காரி இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்குள் வந்து ஏழு மாதம். பெரியம்மா, பெற்றவளின் கூடப் பிறந்த அக்கா. ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. இருபத்தைந்து வருடமாக அதையே பார்த்ததில், எதிரே யார் வந்தாலும் டிக்கெட் எடுக்காமல் ஏறிவிட்டவரைப் பார்க்கிற பார்வை அவருக்கு வந்துவிட்டது. தையல்காரியைப் பார்ப்பதும் அதே பார்வைதான். குற்றம் சொல்ல முடியாது. சில நாள் அவளுக்கே அப்படித்தான் தோன்றியது.

பட்டாணிக்குப் பால் ஆகாது. குடித்தால் வயிறு வலிக்கும், தடிக்கும் என்கிற சாதாரண ஆகாமை இல்லை. பாலோ, வெண்ணெயோ, தயிரோ ஒரு வாய் உள்ளே போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளும். அவள் போகிற இடமெல்லாம் ஒரு சிவப்புப் பையும் கூடவே போகும். அதற்குள் பேனா மாதிரி ஒரு ஊசி. போன மாதம் பள்ளியில் யாரோ சீஸ் தின்ற கையோடு அவள் கையைப் பிடித்து விளையாட, உடம்பெல்லாம் தடிப்போடு வீட்டுக்கு வந்தாள். மருந்து கொடுத்ததில் அடங்கிவிட்டது. விஷயம் அன்றைக்கே பெரியம்மாவின் காதுக்குப் போனது. பெற்றவள் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று கேட்டார். ஒரு மாதம் பார்க்கிறேன், அதற்குள் வீடு சரிப்படவில்லை என்றால் பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றார். பட்டாணியின் அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே ஆறு பேரோடு நின்றுபோன லிஃப்டைக்கூட அசராமல் இறக்கிவிடுவார். முதல் மனைவியின் அக்காவிடம் ஒரு 'வேண்டாம்' சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. சரி என்று தலையாட்டிவிட்டார்.

அந்த ஒரு மாதம் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று முடிவு கட்டி வைத்திருக்கிற ஊர்வாயைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. பட்டாணியைப் பற்றித்தான் கவலை. தையல் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு காந்தத்தால் குண்டூசி பொறுக்கித் தருகிற பிள்ளை. தூக்கத்தில் புரண்டு வந்து இவள் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொள்கிற பிள்ளை. கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டபோது இந்தப் பிள்ளையை வளர்த்துக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தாள். இப்படி ஆசை வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளை போய்விட்டால் இந்த வீட்டில் தனக்கு என்ன மிச்சம் என்று யோசிக்கும்போதெல்லாம் மிதித்துக்கொண்டிருந்த மெஷினை அப்படியே நிறுத்திவிடுவாள்.

ஆகவே சனிக்கிழமை சாயங்காலமே வேலையைத் தொடங்கிவிட்டாள். பரிசோதகர் வருகிறார் என்றால் சமையலறை பளபளக்க வேண்டாமா? அடுப்புக்குக் கீழே ஆழமான ஒரு இழுப்பறை. பதினான்கு டப்பாக்கள் அதில் நெருக்கியடித்து நின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே எவர்சில்வர். நின்றுகொண்டு பார்த்தால் மூடி மட்டும்தான் தெரியும் என்பதால், பெற்றவள் பேரை எழுதி ஒட்டியதெல்லாம் மூடியின் மேல்தான். டப்பாவின் உடம்பில் ஒரு எழுத்து கிடையாது.

தையல்காரிக்குத் தொழில் புத்தி. துணியில் கத்திரி வைக்கும் முன்பு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிவைக்க வேண்டும். கை, கழுத்து, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் கண்முன் இருக்க வேண்டும். சமையலறையிலும் அவள் அப்படித்தான். பதினான்கையும் வெளியே எடுத்து, திறந்து, வரிசையாக வைத்தாள். மூடிகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். டப்பாக்களைத் துடைத்தாள். பட்டாணி தண்ணீர் குடிக்க வந்தவள், தொட்டியில் மிதந்த மூடிகளைப் பார்த்து நின்றாள்.

"அம்மா ஒண்ணு ஒண்ணாத்தான் திறப்பாங்க. ஒண்ண மூடினப்புறம்தான் அடுத்தது."

பிள்ளை அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். தையல்காரிக்குச் சுருக்கென்றது. அம்மா துணியை இப்படி மடிப்பாங்க, அம்மா வெங்காயத்தை அப்படி நறுக்குவாங்க என்று ஏழு மாதத்தில் நிறையக் கேட்டாயிற்று. சுவரில் மாட்டிய படத்தோடு யார் போட்டி போட முடியும்? செத்தவள் கையிலிருந்து எந்தப் பாத்திரமும் கீழே விழாது. "எனக்கு இப்படித்தான் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். மிளகாய்த்தூளுக்கு மிளகாய்த்தூள் மூடி, பருப்புக்குப் பருப்பு மூடி. வெள்ளையாக இருந்தவற்றைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள்: உப்பு, சர்க்கரை, மைதா. கடைசியில் இளமஞ்சள் பொடி இரண்டு மிஞ்சின. ஒன்று பட்டாணிக்கான தேங்காய்ப்பால் பொடி, மற்றது பட்டாணியின் அப்பாவுக்கான பால் பவுடர். பால் டீ இல்லாமல் அந்த மனிதருக்குப் பொழுது விடியாது. இடப்பக்கம் இருந்தது எது, வலப்பக்கம் இருந்தது எது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்படி அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுபோனதாகப் போன் வர, அவர் டீகூடக் குடிக்காமல் ஓடினார். அவளுக்கு எப்போதும் பால் சேர்க்காத கட்டன் டீதான். அதனால் காலையில் அந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை.

பத்து மணிக்குக் கேக் செய்தாள். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் பொடி. இதற்கு முன்பு மூன்று முறை செய்து பட்டாணி தின்றிருக்கிறாள். இந்த முறை மாவு கொஞ்சம் கெட்டியாக வந்தது. தண்ணீர் குறைந்துவிட்டது போலும் என்று ஒரு கரண்டி சேர்த்தாள். வெனிலா அவசரத்தில் இரண்டு மூடி விழுந்துவிட்டது. ஓவனிலிருந்து எடுத்தபோது என்றைக்கும் இல்லாத பொன்னிறம். இன்றைக்கென்று பார்த்து இப்படி அமைந்ததே என்று அவளுக்கு ஒரே பெருமை.

சாப்பாடு ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. சோறு, கோழி, உருளைக்கிழங்கு வறுவல், அவித்த பீன்ஸ். பெரியம்மா குறை தேடினார் என்று சொல்ல முடியாது. தேடாமல் இருந்தார் என்றும் சொல்ல முடியாது. சிவப்புப் பை எங்கே தொங்குகிறது என்று கேட்டார். ஊசியை எடுத்துக் காலாவதித் தேதி பார்த்தார். எதிர்வீட்டில் இருந்து எதுவும் வாங்குவதில்லையே என்று கேட்டார். அது இந்த வீட்டின் பழைய காயம். பட்டாணிக்கு மூன்று வயதாக இருந்தபோது எதிர்வீட்டுக்காரம்மா ஆசையாகப் பிஸ்கட் கொடுத்து, பிள்ளை பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது என்று கல்யாணமான முதல் வாரமே கணவர் சொல்லியிருந்தார். ஆறு வருடமாக அந்தக் கதவோடு இந்தக் கதவுக்குப் பேச்சு இல்லை. லிஃப்டில் எதிரே பார்த்தால்கூட எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கேக்கை வெட்டி வைத்துவிட்டு, டீ போட உள்ளே போனாள். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பியிருந்த கணவர் ஒரு போனோடு பால்கனியில் நின்றார். பெரியம்மா கேக் வேண்டாம், டீ போதும் என்றார். பட்டாணி தன் துண்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

"சித்தி, இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்கு. எப்பவும் இருக்கறத விட" என்று அவள் குரல் கேட்டது. தையல்காரி சிரித்துக்கொண்டே டீயோடு வந்தாள். பெரியம்மா ஒரு வாய் குடித்தார். கோப்பையை இறக்கினார். முகம் சுளித்தது.

"என்னம்மா இது, டீல தேங்கா வாசனை அடிக்குது?"

முதலில் அது அவளுக்கு வசையாகத்தான் விழுந்தது. மதியம் முழுக்க ஒன்றும் சிக்காமல் கடைசியில் டீயில் பிடித்துவிட்டார் என்று நினைத்தாள். அடுத்த மூச்சில் கோப்பையைப் பார்த்தாள். மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன. டீயில் தேங்காய் என்றால், தேங்காய் டப்பாவில்? கெட்டியான மாவு. என்றைக்கும் இல்லாத பொன்னிறம். எப்பவும் இருக்கறத விட நல்லா இருக்கு. பட்டாணியின் தட்டில் பாதித் துண்டுதான் மிச்சம் இருந்தது.

அவள் உடனே பேசவில்லை. இரண்டு வினாடி போனது. அந்த இரண்டு வினாடியில் கதவோரம் நின்ற காலிப் பெட்டி அவள் கண்ணில் பட்டது. மாவில் வெந்த பால் சில பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்வதில்லை என்று டாக்டர் என்றோ சொன்னது நினைவுக்கு வந்தது. தட்டைக் கை தவறித் தட்டிவிட்டால் போதும். ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போனால் யாருக்கும் தெரியாது. மனசு எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுகிறது என்று நினைக்க அவளுக்கே பிறகு அருவருப்பாக இருந்தது.

"பட்டாணி, துப்பு. அதுல பால் இருக்கு." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான்தான் மூடிய மாத்திப் போட்டுட்டேன். தேங்கான்னு நினைச்சுப் பால் பவுடரப் போட்டிருக்கேன்."

பட்டாணி வாயில் இருந்ததைத் துப்பினாள். உள்ளே போனது போனதுதான். தையல்காரி ஆணியில் இருந்து சிவப்புப் பையை எடுத்தாள், கணவரைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாள், பிள்ளையின் வாயைக் கழுவித் துடைத்துச் சோபாவில் சாய்த்து வைத்தாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. உதடு வீங்கினாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ ஊசி என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் பைக்குள்ளேயே இருந்தது. அவள் தரையில் மண்டியிட்டு, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தையே பார்த்தாள்.

பெரியம்மா சும்மா இருக்கவில்லை. அவர் பேசியதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. ஒரு டப்பாவை ஒழுங்காக மூடத் தெரியாதவளுக்கு ஒரு பிள்ளை எதற்கு என்பதில் தொடங்கி எங்கெங்கோ போனார். ஒவ்வொன்றும் நியாயமாகவே தையல்காரிக்குப் பட்டது. கணவர் போனில் முகவரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான்கு நிமிடம். ஆறு நிமிடம். பட்டாணி தன் உள்ளங்கையைச் சொறிந்தாள். காதுமடல் சிவந்தது. எட்டாவது நிமிடத்தில் ஒரு முறை இருமினாள், மறுபடியும் இருமினாள். "சித்தி, தொண்டையில என்னமோ..." என்றபோது குரல் கம்மிவிட்டது.

பெரியம்மா கையை நீட்டினார். "குடு. நான் போடறேன்." நீட்டிய கை நடுங்கியது. ரயிலின் ஆட்டத்தில் நின்றுகொண்டே எழுதிப் பழகிய கை. அதைப் பார்த்த பிறகு தையல்காரி கொடுக்கவில்லை. ஊசி என்பது அவள் வாழ்க்கை முழுக்கக் கையில் பிடித்துப் பழகிய பொருள். மூடியைப் பிடுங்கினாள். தொடையின் வெளிப்பக்கத்தில், தான் தைத்த பாவாடையின் மேலேயே வைத்து அழுத்தினாள். உள்ளே சொடுக்கென்ற சத்தம் கேட்டது. பத்து வரை எண்ண வேண்டும். பட்டாணி அழவில்லை, இவள் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு இவளோடு சேர்ந்து உதட்டை மட்டும் அசைத்து எண்ணினாள். ஏழில் மூச்சு இழுத்தது. பத்தில் இன்னும் இழுத்தது. இருபதுக்கு அப்புறம், எங்கேயோ, கொஞ்சம் இளகியது.

ஸ்ட்ரெச்சர் வந்தபோது லிஃப்டின் கதவை யாரோ முதுகு கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரம்மா. சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். அப்போதும் யாரும் அவரோடு பேசவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஆபத்து இல்லை என்றார்கள். அதே வீக்கம் திரும்ப ஒரு தடவை வரலாம் என்பதால் இரவு முழுக்க வைத்துப் பார்ப்பார்களாம். அப்பா உள்ளே பிள்ளையின் பக்கத்தில் இருந்தார். நடையில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரியம்மாவும் தையல்காரியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலி.

சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அதையும் சொல்லிவிடுவோம், எப்படியும் போகப்போகிற பிள்ளைதானே என்று அவளுக்குத் தோன்றியது.

"அக்கா, தெரிஞ்ச உடனே நான் சொல்லல. ரெண்டு செகண்ட் யோசிச்சேன். உங்க பெட்டியப் பாத்துட்டு, மறைச்சிடலாமான்னு யோசிச்சேன்."

பெரியம்மா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அந்த டப்பாக்களில் மூடிமேல் பேர் ஒட்டியது எப்போது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள்.

"பட்டாணிக்கு மூணு வயசுல. கஞ்சில பால் பவுடரக் கலந்துட்டா என் தங்கச்சி. ரெண்டு டப்பாவத் திறந்து வெச்சுக்கிட்டு யார்கிட்டயோ போன் பேசினாளாம். அதுக்கப்புறம்தான் பேர் ஒட்டினது, ஒண்ணு ஒண்ணாத் திறக்கறது, எல்லாம்."

தையல்காரிக்குப் புரியவில்லை. மூன்று வயதில் நடந்தது பிஸ்கட் அல்லவா?

"பிஸ்கட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தம்மா அன்னிக்குக் காலையில சும்மா பிள்ளையத் தூக்கிக் கொஞ்சிட்டுப் போனாங்க. புருஷன் கேட்டதும் பயந்துபோய் அவங்க பேரச் சொல்லிட்டா. என்கிட்ட மட்டும் அழுதா. வாய மூடிட்டு இருன்னு சொன்னது நான்தான்." பெரியம்மா கைக்குட்டையை எடுத்தார், முகத்தைத் துடைக்காமல் மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "நீ ரெண்டு செகண்ட். அவ சாகற வரைக்கும் சொல்லல. நான் இன்னிக்கு வரைக்கும் சொல்லல. உன்ன அந்தப் பேச்சுப் பேசும்போதுகூட எனக்கு ஞாபகம் இருந்துச்சு, தெரியுமா? ஞாபகம் இருந்துதான் பேசினேன்."

தையல்காரிக்குக் கோபம் வந்தது. ஏழு மாதமாகச் சுவரில் இருந்த படம் தன்னைப் பார்த்த பார்வையெல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே, கஞ்சிக் கிண்ணத்தோடு நின்று நடுங்கிய ஒரு பெண்ணும் கண்முன் வந்தாள். அவளும் பாவம் என்று தோன்றியது. கோபம் நின்றபாடில்லை, பாவம் என்ற எண்ணமும் போகவில்லை. இரண்டோடும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை பட்டாணியைக் கூட்டிவந்தார்கள். கொஞ்சம் வெளிறியிருந்தாள், மற்றபடி வாய்க்குக் குறைவில்லை. ஊசி போட்ட இடத்தில் பாவாடையில் ஓட்டை விழுந்திருக்கிறது, அதில் ஒரு பூ தைத்துக் கொடு என்றாள். அவள் தூங்கியதும் பெரியம்மா பட்டாணியின் அப்பாவை உட்காரவைத்து ஆறு வருடக் கதையைச் சொன்னார். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து போய்ச் சமையலறை இழுப்பறையைத் திறந்து, அந்த மூடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்ப் பிள்ளையின் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

பெரியம்மா பெட்டியைத் தூக்கிச் சமையல் மேடையில் வைத்துத் திறந்தார். தையல்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். உடுப்புகளை நானே எடுத்துத் தரட்டுமா அக்கா என்று கேட்க நினைத்து ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

பெரியம்மா இழுப்பறையில் இருந்து ஒரு டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார், ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். மூடியில் தேங்காய்ப்பால் என்று இருந்தது, உள்ளே இருந்தது பால் பவுடர். இறுக்கி மூடிப் பெட்டிக்குள் போட்டார். ஃப்ரிட்ஜைத் திறந்து, கதவோரம் இருந்த, பட்டாணியின் அப்பாவுக்கான வெண்ணெய்க் கட்டியை எடுத்து அதையும் போட்டார். காலிப் பெட்டியில் இரண்டும் உருண்டன.

"இனிமே இந்த வீட்ல யாருக்கும் பால் டீ கிடையாது. அவருக்கு வேணும்னா தெருமுனைக் கடையில போய்க் குடிச்சுட்டு, வாயக் கழுவிட்டு வரட்டும்" என்றார். "நான் சொன்னேன்னு சொல்லு."

"சரிக்கா" என்றாள். அதற்கு மேல் சொன்னால் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது, சொல்லாமலே அழுதுவிட்டாள். பெரியம்மா அதைப் பார்க்காதவர் போலப் பெட்டியைப் பூட்டினார்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டவர் லிஃப்டின் பொத்தானை அழுத்தவில்லை. பெட்டியைத் தரையில் வைத்தார், புடவைத் தலைப்பைச் சரி செய்தார், வேலைக்குப் போகிறவர் போல நிமிர்ந்து நின்றார். எதிர்வீட்டு மணியை அழுத்தினார். உள்ளே யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகுவதற்குள் அவர் திரும்பிப் பார்த்து, "நீயும் வந்து நில்லு" என்றார். தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.